யார் பார்ப்பது? ஓர் உடல்நல வழிகாட்டிக்கு எல்லிங்ஸ்ருட் உரை

பாயிரம்

உரை எழுதப் புகுகிறவர் நூலின் பெயர், செய்தவர், பொருள், எல்லை, கேட்போர், பயன் ஆகியவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது நம் மரபு. அந்த வழியிலேயே தொடங்குகிறேன்.

நூல், உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஒரு வழிகாட்டி. தீவிர மனநோய் உள்ள வளர்ந்தவர்களுக்கு வரும் உடல்நோய்களை எப்படிக் கவனிப்பது என்பது அதன் பொருள். ஸ்கிட்சோஃப்ரினியாவும் அதையொத்த சைக்கோசிஸ் நோய்களும், இருமுனை நோய், நடுத்தரம் முதல் கடுமை வரையான மனச்சோர்வு ஆகியவற்றை அது தீவிர மனநோய் என்று கொள்கிறது. புகையிலை, எடை, மதுவும் போதைப்பொருளும், இதய நோய், நீரிழிவு, எச்.ஐ.வி, பிற தொற்றுகள் என ஏழு பகுதிகள்.

இப்படியொரு நூல் ஏன் வேண்டியிருந்தது? இந்த நோய்கள் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். தற்கொலைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்களைக் கொண்டுபோவது மாரடைப்பு, பக்கவாதம், சீனி வருத்தம், நுரையீரல் நோய் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த நோய்கள்தான். வைத்தியம் எல்லோருக்கும் கிடைக்கும் டென்மார்க், சுவீடன், பின்லாந்து நாடுகளின் பதிவுகளிலும் 15 முதல் 20 ஆண்டு இடைவெளி தெரிந்தது. ஆகவே ஆஸ்பத்திரி இல்லாத குறை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது.

எல்லை, எல்லிங்ஸ்ருட். ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், அல்னா நகர வட்டாரத்தில் இருக்கிறது. சுரங்க ரயிலின் 2ஆம் இலக்கப் பாதை, 1981இல் பாறைக்குள் குடைந்து திறக்கப்பட்ட எல்லிங்ஸ்ருட்ஓசன் நிலையத்தில் முடிகிறது. ஒரு பக்கம் ஓஸ்ட்மார்கா காடு. மறுபக்கம் ஃபூருசெத். நகர எல்லையைத் தாண்டினால் லோரன்ஸ்கூக், அங்கே நாம் ஆகுஸ் என்று சொல்லும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. 2011இல் அல்னா அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. இந்தக் குரோருட்டாலன் பள்ளத்தாக்கில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கேட்போர் அவர்களுள்ளும், வீட்டில் ஒருவர் பல வருடமாகக் குளிசையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள். அந்த ஒருவரும்தான்.

இனி உரையின் கோணம். நூல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. யார் செய்ய வேண்டும் என்பதை விட்டுவிடுகிறது. உலகத்தின் எல்லா நாடுகளுக்கும் எழுதியது என்பதால் அப்படித்தான் எழுத முடியும். ஆனால் எல்லிங்ஸ்ருட்டில் ஒருவருடைய உடம்பைப் பார்க்கக் கூடியவர்கள் பலர்: குடும்ப வைத்தியரான ஃபாஸ்ட்லேகே, டிபிஎஸ் எனப்படும் வட்டார மனநல நிலையம், ஆகுஸ், நகர வட்டாரத்தின் மனநலத் தாதி, வீட்டார். டிபிஎஸ்காரர் இரத்தப் பரிசோதனையை ஃபாஸ்ட்லேகே பார்ப்பார் என்று நினைக்கிறார். ஃபாஸ்ட்லேகே, மருந்து கொடுப்பவர் டிபிஎஸ், அவரே பார்ப்பார் என்று நினைக்கிறார். வீட்டார், இத்தனை பேர் இருக்கிறார்கள், யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். இந்த மூன்று நினைப்புக்கும் நடுவில்தான் அந்த 10, 20 ஆண்டுகள் போகின்றன. ஆகையால் ஒவ்வொரு பகுதியிலும் நூல் விட்ட அந்த ‘யார்’ என்பதை நிரப்புவதே இவ்வுரையின் வேலை.

மூலத்தை வரிக்கு வரி பெயர்க்கவில்லை. ஒவ்வொரு பகுதியின் சாரத்தையும் என் சொல்லில் ‘நூல்’ என்று வைத்து, கீழே ‘உரை’ எழுதுகிறேன்.

1. புகையிலை

நூல்: புகைப்பவருக்கு அதை நிறுத்த உதவ வேண்டும். பேசி உதவுவதோடு நிக்கோட்டின் மாற்று, வரெனிக்கிளின், புப்ரோபியன் ஆகிய மருந்துகளையும் கருதலாம். அவை மனநோய் மருந்துகளோடு எப்படிச் சேரும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உரை: ‘அதுகும் இல்லாட்டி பாவம், அவனுக்கு வேற என்ன இருக்கு?’ என்று சிகரெட்டை விட்டுவைக்கும் இரக்கம் வீடுகளில் மட்டும் இருந்ததல்ல. பழைய மனநோய் விடுதிகளிலும் இருந்தது. நிறுத்தினால் மனம் குழம்பிவிடும் என்ற பயமும் அதோடு சேர்ந்துகொண்டது. 2016இல் வெளியான ஈகிள்ஸ் என்ற பெரிய ஆய்வில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள், ஆனால் நோய் அடங்கிய நிலையில் இருந்தவர்கள். வரெனிக்கிளினோ புப்ரோபியனோ மனநிலையைக் குறிப்பிடத்தக்க அளவு கெடுக்கவில்லை என்பது அதன் முடிவு. ஆனால் வலிப்பு வந்தவருக்குப் புப்ரோபியன் ஆகாது.

‘எப்படிச் சேரும்’ என்று நூல் ஒரு சொற்றொடரில் கடந்துவிடும் இடத்தில் நாம் நிற்க வேண்டும். குளோசப்பின், ஓலன்சப்பின் என்ற இரண்டு மருந்துகளையும் ஈரலில் உடைக்கும் நொதியைப் புகையிலைப் புகை விரைவுபடுத்துகிறது. அதனால் புகைப்பவருக்கு மருந்தளவு கூடுதலாக வேண்டியிருக்கிறது. அவர் திடீரென்று நிறுத்தினால் அதே குளிசை இரத்தத்தில் ஏறிவிடும்: தூக்கம், எச்சில் வடிதல், தள்ளாட்டம், குளோசப்பினில் வலிப்பு வரைக்கும் போகலாம். இதைச் செய்வது புகை, நிக்கோட்டின் அல்ல. நோர்வேயில் இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் இங்கே சிகரெட்டை விடுபவர்கள் பலர் உதட்டுக்குள் வைக்கும் ஸ்னுஸுக்குப் போகிறார்கள். ஸ்னுஸிலும் நிக்கோட்டின் உண்டு, புகை இல்லை. ஆகவே மருந்தைப் பொறுத்தவரை அவர் புகைப்பதை முற்றாக நிறுத்தியவர்தான்.

மறுதலையும் நடக்கும். ஆஸ்பத்திரியில் புகைக்காமல் இருந்த நாட்களில் மருந்தளவைச் சரிசெய்து அனுப்புகிறார்கள். வீடு வந்தவர் பல்கனியில் நின்று மறுபடி தொடங்குகிறார். இரத்தத்தில் மருந்து இறங்குகிறது, குரல்கள் திரும்புகின்றன. வீட்டார், குளிசையை ஒளித்துவிட்டான் என்று சண்டை பிடிக்கிறார்கள். அவர் ஒரு நாளும் தவறாமல் விழுங்கியிருக்கக் கூடும்.

இங்கே யார்? புகைப்பதைக் குறைத்தாலும் கூட்டினாலும் சொல்லவேண்டியவர் அவரும் வீட்டாரும். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டியவர் மருந்தை எழுதியவர். சொல்லாமல் விட்டால் அவர் பார்க்கப் போவதில்லை.

2. எடை

நூல்: எடை கூடியவருக்கும் கூடும் ஆபத்தில் இருப்பவருக்கும் உணவு, உடற்பயிற்சி சார்ந்த உதவியை முதலில் கொடுக்க வேண்டும். போதாவிட்டால் எடையை அவ்வளவு கூட்டாத மருந்துக்கு மாற்றுவதைக் கருதலாம். அதுவும் போதாவிட்டால் மெட்ஃபோர்மின் சேர்ப்பதைக் கருதலாம்.

உரை: இந்த மூன்று படிகளின் வரிசை கவனிக்கத்தக்கது. வீடுகளில் முதற்படி மட்டுமே நடக்கிறது, அதுவும் ஏச்சாக.

எடை ஏன் கூடுகிறது? ஓலன்சப்பினும் குளோசப்பினும் மூளையில் பசியை அடக்கும் வழிகளைத் தடுக்கின்றன. சாப்பிட்ட பிறகும் வயிறு நிறைந்த உணர்வு வருவதில்லை. க்வெட்டியப்பின், ரிஸ்பெரிடோன் நடுவில் நிற்கின்றன. அரிப்பிப்ரசோல், லுராசிடோன் பொதுவாகக் குறைவாகக் கூட்டும். சில மருந்துகள் வாயை உலர்த்துகின்றன. தாகத்துக்குக் கோலா, சீனி போட்ட தேத்தண்ணி என்று போகும்போது எடைக்கு இரண்டாவது வாசலும் திறந்துவிடுகிறது. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் எடை மிக வேகமாக ஏறும். அந்த நேரத்தில் வாரத்துக்கு ஒருமுறை நிறுக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து 25 கிலோவைக் குறைப்பதைவிட முதல் மாதத்தில் 3 கிலோவைத் தடுப்பது எளிது.

ஆனால் அந்த முதல் மாதம் நம் வீடுகளில் நல்ல மாதமாகத் தெரிகிறது. நித்திரையில்லாமல், சாப்பிடாமல், ஆளே உருக்குலைந்து போயிருந்த பிள்ளை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். ‘இப்பதான் உடம்பு வைச்சிருக்கு’ என்று தாய் நிம்மதி அடைகிறாள். அந்த நிம்மதியைக் குறை சொல்ல முடியாது. அதோடு ஒரு அளவுநாடாவும் வேண்டும் என்பதுதான் உரை. நம்மவர்களுக்கு எடையைவிட இடுப்பளவு உண்மை பேசும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்றிமீற்றரும் பெண்களுக்கு 80உம் எச்சரிக்கைக் கோடு. ஐரோப்பிய ஆண்களுக்கு அதே கோடு 94இல் இருக்கிறது. நோர்வேஜிய வைத்தியர் கண்ணுக்கு மெலிந்தவராகத் தெரியும் தமிழர் ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருக்கலாம்.

உடற்பயிற்சிக்கு நம் பள்ளத்தாக்கிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2000இல் ரும்சோஸ் பகுதியில் மக்களை நடக்க வைக்கும் ஒரு திட்டம் தொடங்கியது. நடைக்குழுக்கள் அமைத்தார்கள், பாதைகளுக்கு வெளிச்சம் போட்டார்கள், பனிக்காலத்தில் வழுக்காமல் மணல் தூவினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட இடம், எதுவும் செய்யாமல் விடப்பட்ட ஃபூருசெத். எல்லிங்ஸ்ருட்டுக்குப் பக்கத்து ஊர். மூன்று வருடத்தில் ரும்சோஸில் நடப்பவர்கள் கூடினார்கள். எடை ஏறியவர்கள் ஃபூருசெத்தைவிடக் குறைவு. அது மனநோயாளருக்கான திட்டம் அல்ல. ஆனாலும் ஒன்றைக் காட்டுகிறது: ‘நட’ என்ற புத்தியோடு அங்கே நிற்கவில்லை, கூடவர ஆளும் வழுக்காத பாதையும் கொடுத்தார்கள். மனநோய் உள்ளவருக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். எழும்பவே மனம் வராத நிலை அந்த நோயின் ஒரு கூறு. ‘தம்பி, சும்மா படுத்துக் கிடக்கிறாய், போய் நட’ என்பதற்கும் ‘தம்பி, வாவன், காட்டுப் பக்கம் ஒருக்கா போட்டு வருவம்’ என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. ஓஸ்ட்மார்கா வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கூடப் போக வீட்டில் ஆளில்லாவிட்டால், ஃபிரிஸ்க்லிவ்ஸ்சென்ட்ரால் என்ற நல்வாழ்வு நிலையத்தின் குழுவில் சேரலாம். வைத்தியர் கடிதம் இல்லாமலும் நேரே கேட்கலாம்.

மூன்றாம் படியில் ஒரு குழப்பம் வரும். மெட்ஃபோர்மின் பெட்டியைப் பார்த்ததும், ‘இவனுக்குச் சீனி வருத்தமும் வந்திட்டுதோ’ என்று வீடு கலங்கும். நூல் இங்கே அதைச் சொல்வது எடைக்காக. நீரிழிவு இல்லாதவருக்கும் கொடுக்கலாம்.

ஐயம்: இவ்வளவு கேடு செய்யும் மருந்தை நிறுத்திவிட்டால் என்ன? விடை: பின்லாந்தில் ஸ்கிட்சோஃப்ரினியா உள்ள 62,250 பேரை 20 ஆண்டு வரை பதிவேடுகள் வழியாகத் தொடர்ந்து பார்த்து 2020இல் எழுதினார்கள். மருந்து எடுக்காத காலத்தோடு ஒப்பிட்டால் எடுத்த காலத்தில் இறப்பு குறைவு. எல்லாவற்றிலும் குறைவு, எடையை மிகக் கூட்டும் குளோசப்பினோடு. மருந்தை ஒழுங்காக எடுப்பவர் மற்றக் கவனிப்புகளையும் பெறுகிறார் என்பது இதில் ஒரு பங்காக இருக்கலாம். எப்படியானாலும் இதிலிருந்து கிடைக்கும் முடிவு நிறுத்துவது அல்ல. மாற்றலாமா என்று மருந்து எழுதியவரிடம் கேட்பது. நூலின் இரண்டாம் படி அந்த உரிமையைத்தான் தருகிறது.

3. மதுவும் போதைப்பொருளும்

நூல்: இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் வைத்தியம் செய்ய வேண்டும். மனநோய் மருந்துகளோடு உண்டாகும் விளைவுகளைக் கவனிக்க வேண்டும்.

உரை: இங்கே வைத்தியத்தைவிட ஒளிவுமறைவுதான் பெரிய தடை. குடியை ஒத்துக்கொள்ளும் வீடு மனநோயை மறைக்கும். மனநோயை ஒத்துக்கொண்ட வீடு குடியை மறைக்கும். குடியை நிறுத்திவிட்டு வா, பிறகு மனதைப் பார்ப்போம் என்று ஒரு இடத்திலும், மனதைச் சரிசெய்துவிட்டு வா என்று மற்ற இடத்திலும் திருப்பி அனுப்புவதற்கு எதிராகவே ‘இரண்டுக்கும்’ என்று நூல் சொல்கிறது. நோர்வேயின் மனநல வைத்தியப் பாதை 2019 ஜனவரியில் வந்தபோது மனநலத்தையும் போதையையும் ஒரே திட்டத்துக்குள் வைத்தார்கள். உடல்நலத்தையும் வாழ்க்கைப் பழக்கங்களையும் அதற்குள்ளேயே கேட்கச் சொன்னார்கள். ஆகவே இந்தப் பகுதியில் ‘யார்’ என்பதற்கு என் விடை: முதலில் ஆளை ஏற்றுக்கொண்ட இடம்.

4. இதயம்

நூல்: இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், புகை, எடை ஆகியவற்றைப் பார்த்து மற்ற எவருக்கும் செய்வதைப் போலவே வைத்தியம் செய்ய வேண்டும். இதய ஆபத்து குறைந்த மனநோய் மருந்தைக் கருதலாம்.

உரை: ‘மற்ற எவருக்கும் செய்வதைப் போலவே’ என்பதுதான் இந்நூலின் உயிர்நிலை. நடப்பது அப்படியல்ல என்பதற்கு நோர்வேயின் பதிவே சாட்சி. 2011 முதல் 2016 வரை இதயநோயால் இறந்தவர்களை ஆராய்ந்தபோது, இறப்புக்கு முன் இதயநோய் கண்டுபிடிக்கப்படாமலே இருந்தவர்களாக இருக்கும் வாய்ப்பு, ஸ்கிட்சோஃப்ரினியா உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட 66 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதாவது பலருக்கு முதல் முடிவே இறப்புச் சான்றிதழில்தான் எழுதப்பட்டது.

எப்படி இது நடக்கிறது? நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். கோப்பைத் திறந்தவுடன் மனநோயின் பெயர் தெரிகிறது. பதற்றமாக இருக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். நோயாளியும் ‘நெஞ்சுக்குள்ள யாரோ அமத்துறாங்கள்’ என்று தன் அனுபவத்தின் மொழியில் சொல்லியிருக்கக் கூடும். அவர் சொல்லும் காரணம் நோயிலிருந்து வரலாம். அமத்தல் உண்மையாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் கேட்கக் கூடியவர் அவரோடு நாளும் பழகுபவர். ‘இவர் வழமையாகப் பதறும்போது இப்படிச் சொல்வதில்லை, இன்றைக்குப் புதிது’ என்ற ஒரு வசனம் ஈ.சி.ஜி. எடுப்பதற்கும் எடுக்காமல் விடுவதற்கும் இடையிலான வித்தியாசமாகிவிடும். நெஞ்சுநோவு என்றால் அவசர இலக்கமான 113ஐ அழைத்து அந்த வசனத்தை முதலிலேயே சொல்ல வேண்டும்.

பிரித்தானிய வைத்தியர்கள் இதய ஆபத்தைக் கணிக்கப் பயன்படுத்தும் க்யூரிஸ்க் 3 என்ற கணிப்பு 2017இல் வந்தது. அதில் தெற்காசிய இனமும் ஒரு காரணி. தீவிர மனநோயும் ஒரு காரணி. அதற்கான புதுவகை மருந்தும் ஒரு காரணி. எல்லிங்ஸ்ருட் தமிழர் ஒருவருக்கு மூன்றும் ஒரே உடம்பில் இருக்கலாம். நாற்பது வயதுதானே என்று ஃபாஸ்ட்லேகே ஒத்திப்போட்டால், இந்த மூன்றையும் சொல்லிக் கொலஸ்ட்ரோலையும் பிரஷரையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கக் கேட்பது நியாயமான வேண்டுகோள்.

5. நீரிழிவு

நூல்: உணவு, நடை, மெட்ஃபோர்மின் என்று மற்றவர்களுக்கு உள்ள வழியே இவர்களுக்கும். சீனியைக் கூட்டும் மனநோய் மருந்தை மாற்றுவதைக் கருதலாம்.

உரை: நம் பள்ளத்தாக்கிலேயே 30 முதல் 59 வயது வரையானவர்களை ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். தெற்காசியப் பெண்களில் 27.5 சதவீதத்தினருக்கு நீரிழிவு. மேற்கத்தியப் பெண்களில் 2.9. ஆண்களில் 14.3, 5.9. இது மனநோயாளரைப் பற்றிய ஆய்வு அல்ல, ஓலன்சப்பினைப் பற்றியதும் அல்ல. நம் உடம்பும் நம் வாழ்க்கையும் கொண்டுவந்த எண்கள் இவை. இதன்மேல் மருந்தின் பாரம் ஏறும்போது என்னவாகும் என்று தனியாகக் கணக்குப் போடத் தேவையில்லை.

அறிகுறிகளை அடையாளம் காண்பதிலும் ஒரு சிக்கல். தாகம், இரவில் அடிக்கடி எழும்புதல், களைப்பு, பார்வை மங்கல் ஆகிய நான்கும் நீரிழிவின் அறிகுறிகள். நான்கையும் ‘குளிசைதான் செய்யுது’ என்று தள்ளிவிடலாம். ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. மருந்து தொடங்கும்போது ஒருமுறை, மூன்றாம் மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடந்தோறும் இரத்தத்தில் எச்பிஏ1சி பார்க்க வேண்டும். நோர்வேஜிய அளவில் 48 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. முதல் இரண்டு பரிசோதனையும் மருந்தைத் தொடங்கியவர் பொறுப்பு, பிறகு வருடாந்தம் ஃபாஸ்ட்லேகே பொறுப்பு என்று பிரித்துக்கொள்வது இயல்பு. ஆனால் கைமாறும் இடத்தில்தான் பரிசோதனை தவறும். டிபிஎஸ்ஸிலிருந்து விடுவிக்கும் கடிதத்தில் அடுத்த பரிசோதனையின் மாதம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சோற்றைப் பற்றி ஒரு சொல். ‘சோறே கூடாது’ என்று தொடங்கும் வீட்டில் இரண்டாம் வாரமே எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். பானத்திலிருந்து தொடங்குவது எளிது: சீனியில்லாத தேத்தண்ணி, கோலாவுக்குப் பதில் தண்ணீர். பிறகு கோப்பையில் சோற்றைக் குறைத்துப் பருப்பு, கீரை, மீனைக் கூட்டுவது. அதையும் அவருக்கு மட்டும் தனிச் சமையலாக்காமல் எல்லோருக்கும் ஒன்றாகச் செய்வது. முன்சொன்ன எண்களைப் பார்த்தால் அது வீட்டில் எல்லோருக்கும் தேவைதான்.

6, 7. எச்.ஐ.வி, காசநோய், ஈரல் அழற்சி

நூல்: மனநோய் இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையையோ வைத்தியத்தையோ மறுக்கக் கூடாது. மருந்துகள் ஒன்றையொன்று பாதிப்பதைக் கவனிக்க வேண்டும்.

உரை: இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் பல மனநோய் மருந்துகளின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைக்கும். எச்.ஐ.விக்கான எஃபாவிரென்ஸ் மனநிலையையே குழப்பக் கூடும். எந்தப் புதிய மருந்து எழுதப்பட்டாலும் பழைய மருந்துப் பட்டியல் முழுவதையும் அந்த வைத்தியரின் மேசையில் வைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து வீட்டுக்கு வரும் வேலை.

நூல் விட்டவை

ஏழு பகுதிக்குள் அடங்காதவற்றையும் சொல்வது உரைக்கு மரபு. நான்கு மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, மலச்சிக்கல். குளோசப்பின் குடலின் அசைவை மந்தமாக்கும். குடல் முற்றாக நின்று உயிரும் போகலாம். கூச்சத்தால் எவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. கிழமைக்கு ஒருமுறை கேட்பது வீட்டில் நெருக்கமான ஒருவரின் பொறுப்பு.

இரண்டு, லித்தியம். இருமுனை நோய்க்கு நல்ல மருந்து. நஞ்சாகும் அளவுக்கும் மருந்தாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. நோர்வேயில் கடையிலேயே வாங்கக் கூடிய இபுக்ஸ் போன்ற நோக்குளிசைகள் லித்தியத்தை இரத்தத்தில் ஏற்றும். வயிற்றோட்டம், வாந்தி, அதிக வியர்வையும் ஏற்றும். ஆடி மாதத்தில் யாழ்ப்பாணம் போய் வெயிலில் திருவிழாவுக்கு நின்று, வயிற்றையும் குழப்பிக்கொண்டால் எல்லாம் ஒன்றாகச் சேரும். பயணத்துக்கு முன் வைத்தியரிடம் சொல்ல வேண்டியது இது. சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டிய மருந்தும் இதுவே.

மூன்று, கடிதம். மார்பகப் பரிசோதனைக்கு 50 முதல் 69 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அழைப்பு வரும். கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கும் வரும். இப்போது இந்தக் கடிதங்கள் பெரும்பாலும் திரைக்குள் வருகின்றன. திறக்க மனமில்லாதவர் அழைக்கப்பட்டதையே அறியாமல் போகலாம். அவருடைய அனுமதியோடு யார் அந்த மின்கடிதப் பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று முடிவுசெய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு, மொழி. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், அரசுப் பணியாளர் ஒருவர் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தடைசெய்கிறது. வைத்தியரிடம் போனாலும் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உரிமை. அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. அம்மாவின் மலச்சிக்கலையும் மாதவிடாயையும் குரல்களையும் பதின்மூன்று வயது மகளால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருந்தால் ஊருக்குள் கதை போய்விடுமோ என்ற பயமும் நியாயமானதே. அவருக்கு இரகசியம் காக்கும் கடமை உண்டு. தொலைபேசி வழியாக, வேறு நகரத்திலிருந்து ஒருவரைக் கேட்கவும் செய்யலாம்.

முடிப்பு

‘யார்’ என்பதை நிரப்பினால் உண்மையில் ஏதும் மாறுமா? மாறியதற்கு இந்தத் துறைக்குள்ளேயே சான்று உண்டு. 1975இல் பின்லாந்தில் குளோசப்பின் எடுத்த சிலர் வெள்ளை அணுக்கள் அழிந்து இறந்தார்கள். மருந்து பல நாடுகளில் ஒதுக்கப்பட்டது. பிற மருந்துகள் கேட்காதவர்களுக்கு அது பலன் தருகிறது என்று 1988இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிய பிறகு, ஒரு நிபந்தனையோடு பரவலாகத் திரும்பியது: முதல் 18 வாரம் வாரந்தோறும் இரத்தம், பிறகு மாதந்தோறும்; இரத்த முடிவு இல்லையேல் மருந்து இல்லை. எவர் எடுப்பது, எப்போது எடுப்பது, எவர் பார்த்துக் கையெழுத்திடுவது என்று எல்லாம் எழுதிவைக்கப்பட்டது. அதன்பிறகு அந்த விளைவால் இறப்பது மிக அரிதாகியது. அதே ஆள் முறை வரும்போதெல்லாம் அதே கதிரையில் இருந்து இரத்தம் கொடுக்கிறார். அவருடைய இடுப்பளவையும் பிரஷரையும் குடலையும் பற்றி அங்கே ஒருவரும் கேட்காத முறைகள் உண்டு. அவற்றுக்கு ஒருவர் பெயரும் எழுதப்படவில்லை என்பதே காரணம்.

ஆகவே அடுத்த சந்திப்புக்கு ஒரு தாளோடு போங்கள். எடையும் இடுப்பும், பிரஷர், எச்பிஏ1சி, கொலஸ்ட்ரோல், புகை, மருந்தின் இரத்த அளவு, பல் என்று இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் இரண்டு இடம் விடுங்கள்: ஒன்று பெயருக்கு, ஒன்று மாதத்துக்கு. இடம் விட்ட ஒவ்வொரு வரியிலும், ஃபாஸ்ட்லேகேயோ டிபிஎஸ்ஸோ, ஒரு பெயர் வரும்வரை கேளுங்கள். அதைக் கோப்பில் பதியச் சொல்லுங்கள். நோய்க்காரரே அந்தத் தாளைப் பிடித்திருப்பது சிறப்பு, முதற்பெயர் அவருடையது. அவர் சம்மதித்தால்தான் உங்களுக்கு விவரம் சொல்வார்கள். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்க அவர்களுக்கு எந்தச் சம்மதமும் தேவையில்லை. பெயர் வராத வரி ஒன்று மிஞ்சினால், அடுத்த சந்திப்பில் அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.